வழங்கியின் நாடி பிடித்தவர்கள்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் எனக்கு ஏற்பட்ட ஓர் அனுபவத்துடன் இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

2000களின் நடுப்பகுதி. நான் அப்போது பணியாற்றிய பத்திரிகை தனக்கென ஓர் இணையத்தளத்தை ஆரம்பித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அச்சுப் பத்திரிகையை வாசிப்போர் நாட்டிற்குள் இருந்தார்கள். இணையத்தளத்தை வாசிப்போரோ ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சிட்னியிலும் இருந்தார்கள். மறுநாள் பத்திரிகையின் முதற்பக்கத்தை முடித்துவிட்டு நாம் வீடு செல்லத் தயாராகும் கொழும்பின் நள்ளிரவு, ஐரோப்பாவில் மாலை வேளை. ரொறன்ரோவிலோ நண்பகல் கடந்த நேரம். வேலைத்தலத்தில் கிடைக்கும் சிறு ஓய்விலும் எமது தளத்தைத் திறந்து பார்ப்போர் பலர். அவர்கள் முதலில் பார்ப்பது தலைப்புச் செய்தியையோ ஆசிரிய தலையங்கத்தையோ அல்ல, மரண அறிவித்தல்களையே என்று அறிந்தபோது ஆசிரிய பீடத்தில் இருந்த எமக்குச் சற்று மனத்தாங்கலாகத்தான் இருந்தது. அதன் நியாயம் பின்னர் ஓர் இரவில் புரிந்தது.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் ஊரில் காலமாகிவிட்டார். ஊருடன் தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. அறிவித்தல் எமது பத்திரிகையில் வந்திருப்பதாக உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இறுதிக் கிரியைகள் எத்தனை மணிக்கு என்று அறிந்தால், அந்த நேரத்தில் தாமும் அங்கே ஒரு விளக்கேற்றலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஒரு மணித்தியாலமாக எமது பக்கம் திறக்கவில்லை. நான் அச்சுப் பிரதியை எடுத்து அந்த அறிவித்தலைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பின்னர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: வழங்கி, அதாவது பேச்சு வழக்கில் நாம் ‘சேர்வர்’ என்று சொல்லும் கணினி, போதாது, இன்னொன்று வாங்க வேண்டும். அப்போது தொழில்நுட்பப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர் மிகுந்த தயக்கத்துடன் சொன்னார்: “சேர், இன்னொரு மெஷின் வாங்கிறதுக்கு முதல், இருக்கிறதுக்கு எங்கை நோகுது எண்டு ஒருக்கால் பாப்பம்.”

அவர் என்ன கண்டார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். ‘எங்கே நோகிறது?’ என்ற அவருடைய கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது. அந்த வரலாறுதான் இங்கே பேசப்படுவது.

துருசும் குளமும்

வன்னிப் பகுதி விவசாயிகளுக்கு இதனை விளக்கவேண்டிய தேவை இல்லை. குளம் வான்பாயும் அளவுக்கு நிறைந்திருக்கலாம். வாய்க்கால் அகலமாக இருக்கலாம். ஆனால் வயலுக்குப் பாயும் நீரின் அளவைத் தீர்மானிப்பது துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே. நீர் போதவில்லை என்று குளக்கட்டை உயர்த்துபவரை ஊர் நகைக்கும். வழங்கிக் கணினியும் அவ்வாறானதே. அதற்குள் மத்திய செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு என நான்கு பிரதான வளங்கள் உள்ளன. வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அந்தக் கோரிக்கை இந்த நான்கினூடாகவும் சென்று திரும்ப வேண்டும். மூன்று எவ்வளவு வேகமாக இருந்தாலும், நான்காவதில் இடுக்கு இருந்தால் வாசகர் காணும் வேகம் அந்த இடுக்கின் வேகமே. ஆகவே கேள்வி ‘கணினி வேகமானதா?’ என்பதல்ல, ‘வரிசை எந்த இடத்தில் நிற்கிறது?’ என்பதே.

இக்கேள்வியைக் கணித முறையில் முதலில் கேட்டவர் கணினி என்ற ஒன்றையே காணாதவர். அக்னர் கிறாறுப் ஏர்லாங் 1878இல் டென்மார்க்கில் பிறந்தவர். 1908இல் கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் ஓர் அழைப்பை இணைப்பதற்கு இணைப்பாளர் ஒருவர் தம் கையால் கம்பியைச் செருக வேண்டும். இணைப்புக் கம்பிகள் குறைவாக இருந்தால் மக்கள் காத்திருப்பார்கள்; கூடுதலாக இருந்தால் நிறுவனத்தின் பணம் வீணாகும். எத்தனை கம்பிகள் போதும்? ஏர்லாங் 1909இல் வெளியிட்ட கட்டுரையில், அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தற்செயலாக வந்து சேர்ந்தாலும் அவற்றின் கூட்டு நடத்தையைக் கணிக்க முடியும் என்று காட்டினார். 1917இல், அழைப்பு கைவிடப்படும் வாய்ப்பையும் காத்திருக்கும் நேரத்தையும் தரும் சூத்திரங்களை வெளியிட்டார். அறையில் அமர்ந்து கணக்குப் போட்டதுடன் அவர் நிற்கவில்லை. ஏணி சுமந்த ஓர் உதவியாளருடன் கொப்பன்ஹேகன் வீதிகளில் சென்று, நிலத்தடிக் குழிகளுக்குள் இறங்கித் தாமே அளவெடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1929இல் அவர் மறைந்தார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகிற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

அவர் தொடக்கிவைத்த வரிசைக் கோட்பாடு தரும் ஓர் உண்மையை இங்கு சொல்லியே ஆகவேண்டும். ஒரு தபாலகத்தில் ஒரேயொரு கருமபீடம் இருப்பதாகக் கொள்வோம். ஒருவரைக் கவனிக்கச் சராசரியாக 1 நிமிடம் ஆகிறது. மக்கள் தற்செயலாக வந்து சேர்கிறார்கள்; அலுவல்கள் சில சிறியவை, சில பெரியவை. அலுவலர் தம் நேரத்தில் பாதி வேலையாக இருந்தால், வந்தவர் வரிசையில் நின்று அலுவல் முடித்துப் போக எடுக்கும் சராசரி நேரம் 2 நிமிடம். அலுவலர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் அது 5 நிமிடம். 90 சதவீதமானால் 10 நிமிடம். 95 சதவீதமானால் 20 நிமிடம். 99 சதவீதமானால் 100 நிமிடம்!

இந்தக் கணக்கைக் கண்ட பின்னர், ‘எமது வழங்கி 95 சதவீதம் பயன்படுகிறது, இன்னும் 5 சதவீதம் மிச்சமிருக்கிறது’ என்று யாரும் ஆறுதல் அடைய முடியாது. முகாமையாளரின் கண்ணுக்கு அது சிக்கனம். வரிசையில் நிற்பவருக்கோ அது இருபது மடங்கு காத்திருப்பு. ஒரே எண் இருபுறத்தாருக்கும் வெவ்வேறு பொருள் தருகிறது.

ஒரு கணினி, பல பேர்

ஆரம்பகாலக் கணினிகள் ஒரு வேலையை முடித்த பின்னரே அடுத்ததை எடுத்தன. 1961இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தக்கூடிய நிலை வந்தது. அத்துடன் வரிசையும் கணினிக்குள் புகுந்தது.

அந்தத் தசாப்தத்தின் இறுதியில் ஒரு விசித்திரம் தெரியவந்தது. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் மேலும் ஒரேயொரு நிரலைச் சேர்த்தால், வேலை சற்றுக் குறைவதற்குப் பதிலாக முற்றாகவே முடங்கிப்போயிற்று. 1968இல் பீற்றர் டென்னிங் அதன் காரணத்தை விளக்கினார். எமது அலுவலகத்து ஒப்புநோக்காளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மேசையில் நான்கு தாள்களை மட்டுமே விரிக்கலாம். ஐந்து தாள்களை மாறிமாறிப் பார்க்கும் வேலையைக் கொடுத்தால், ஒன்றை எடுத்துக் கீழே வைத்து மற்றதை மேலே வைப்பதிலேயே அவருடைய பொழுது முழுவதும் போய்விடும். எழுத்துப் பிழை ஒன்றும் திருத்தப்படமாட்டாது. ஆனால் அவர் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருப்பார். நினைவகம் போதாத கணினியும் அவ்வாறே நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே தரவுகளைத் தூக்கி வைத்தபடியே இருக்கும். ஒவ்வொரு நிரலும் குறித்த நேரத்தில் உண்மையாகப் பயன்படுத்தும் பகுதி எவ்வளவு என்று அளந்து, அதற்கு இடம் இருந்தால் மட்டுமே அதனை ஓடவிட வேண்டும் என்பது டென்னிங் சொன்ன பரிகாரம்.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறு இரு அறிஞர்களும் முக்கியமான உண்மைகளைச் சொன்னார்கள். 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: ஒரு வேலையில் 5 சதவீதம் பகிர்ந்து செய்ய முடியாததாக இருந்தால், எத்தனை ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் அந்த வேலை 20 மடங்குக்கு மேல் வேகமடையாது. 1971இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத், புரோகிராமர்கள் நாளாந்தம் எழுதும் போர்ட்ரான் நிரல்கள் உண்மையில் எப்படி இருக்கின்றன என்று ஆராய்ந்தார். அதற்காக அவருடைய குழுவினர் கழிவுத் தாட் கூடைகளைக்கூடத் துழாவினர். நிரலின் 4 சதவீதத்திற்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தின் பாதிக்கு மேற்பட்டதை விழுங்குவதாக அவர்கள் கண்டனர். எழுதியவர்களே அந்தப் பகுதி எது என்று சரியாக ஊகிப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்று எண்கள்

இன்றும் உலகெங்கும் யுனிக்ஸ், லினக்ஸ் வழங்கிகளைப் பராமரிப்போர் காலையில் முதலில் பார்ப்பது மூன்று எண்களை. கடந்த 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் ஆகியவற்றின் சராசரிச் சுமை. செயலியைப் பயன்படுத்திக்கொண்டிருப்போரும் அதற்காகக் காத்து நிற்போரும் சேர்ந்து எத்தனை என்பதன் சராசரி அது. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதானால் நெரிசல் ஏறுகிறது, சிறிதானால் தணிகிறது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதைப் போன்றது.

இந்த அளவை யுனிக்ஸுக்கு மட்டும் உரியதன்று. ‘ரெனெக்ஸ்’ என்ற இயங்குதளத்தில் அது இருந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த ரெனெக்ஸ் கணினிகளின் 1973 ஜூலை மாதச் சுமையை ஒப்பிட்டு, கையால் வரைந்த வரைபடத்துடன் ஒரு சிறு ஆவணம் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியானது. எந்த நேரத்தில் எந்தக் கணினி நெரிசலாக இருக்கிறது என்பதை வேறு ஊர்களில் இருந்தோரும் அறிந்துகொள்ள முடிந்தது.

இந்த நாடிக்கு 1993இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. லினக்ஸ் தோன்றி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வட்டு வேகம் குறைந்து எல்லா நிரல்களும் தரவுக்காகக் காத்திருந்தால், செயலியின் வரிசையில் எவரும் நிற்கமாட்டார்கள். சுமை எண்ணும் குறைவாகக் காட்டும். கணினி திணறுகிறது, நாடியோ சீராக இருக்கிறது! இது தவறு என்று கருதிய மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர், வட்டுக்காகக் காத்திருப்போரையும் சேர்த்து எண்ணும் திருத்தத்தை அவ்வாண்டு ஒக்ரோபரில் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து லினக்ஸில் மட்டும் அந்த எண்ணின் பொருள் மாறிவிட்டது. காரணம் காலப்போக்கில் மறக்கப்பட்டது. கணினிச் செயற்றிறன் ஆய்வாளர் பிரெண்டன் கிரெக் 2017இல் பழைய மின்னஞ்சல் சுவடிகளைத் துழாவி அந்தத் திருத்தத்தைத் தேடி எடுத்தார். அதுவரை இருபத்து நான்கு ஆண்டுகளாக, லினக்ஸில் சுமை எண் உயர்ந்ததும் ‘செயலி போதாது’ என்று முடிவுகட்டிப் புதிய கணினி வாங்கியோர் எத்தனை பேரோ. எண்ணைப் பார்ப்பது மட்டும் போதாது. அந்த எண் எதை எண்ணுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சுமை எவ்வளவு என்பதை அந்த எண்கள் சொல்லும். சுமைக்குக் காரணம் யார் என்பதைச் சொல்லமாட்டா. அந்தக் குறையை 1984இல் வில்லியம் லெஃபேவர் நீக்கினார். கணினியை அதிகம் பயன்படுத்தும் நிரல்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, சில வினாடிகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டும் ‘ரொப்’ என்ற சிறு மென்பொருளை அவர் எழுதினார். இன்றும் அது உலகம் முழுவதும் பயன்பாட்டில் இருக்கிறது.

பத்திரிகையாளனாகிய என்னை வியக்கவைத்த செய்தி இனித்தான் வருகிறது. 2001 செப்ரெம்பர் 11 அன்று நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது உலகமே சி.என்.என். இணையத்தளத்தை நோக்கி ஓடியது. தளம் தாங்கமுடியாமல் தடுமாறியது. அதனைத் தூக்கி நிறுத்தப் போராடிய குழுவில் இருந்தவர்களுள் ஒருவர் அதே லெஃபேவர். வேறு பணிகளில் இருந்த வழங்கிகள் அவசரமாகச் செய்திப் பணிக்குத் திருப்பப்பட்டன. அதைவிட முக்கியமாக, முகப்புப் பக்கத்திலிருந்த அலங்காரங்கள் யாவும் அகற்றப்பட்டுச் செய்தியும் மிகச் சிலவும் மட்டுமே மிஞ்சிய சிறு பக்கம் ஒன்று வைக்கப்பட்டது. வாசகருக்கு அந்நேரத்தில் தேவைப்பட்டது என்ன நடந்தது என்ற செய்தி ஒன்றே. அவ்வாண்டு டிசெம்பரில் நடந்த முறைமை நிர்வாகிகள் மாநாட்டில் லெஃபேவர் இந்த அனுபவத்தை விரிவாக எடுத்துரைத்தார்.

சராசரி மறைக்கும் ஆள்

கணினிக்கு வெளியே, அவற்றை இணைக்கும் பாதைகளிலும் இடுக்குகள் இருந்தன. 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திற்கும் அருகிலுள்ள பேர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையிலான இணைப்பின் வேகம், வினாடிக்கு 32,000 பிற் என்ற அளவிலிருந்து வெறும் 40 பிற் ஆக வீழ்ந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 400 யார். எழுதிக் கையில் கொடுத்தனுப்பினால் அதைவிட விரைவில் போய்ச் சேர்ந்திருக்கும். வான் ஜேக்கப்சன் அதன் காரணத்தை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார். பதில் தாமதமானதும் ஒவ்வொரு கணினியும் அதே தரவை மீண்டும் மீண்டும் அனுப்பியது. அதனால் நெரிசல் மேலும் பெருகியது. நெரிசலை உணர்ந்தால் அனுப்புபவர் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அவருடைய வழிமுறையே இணையத்தைக் காப்பாற்றியது என்றால் மிகையாகாது.

1994இல் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலுள்ள டி மொன்போர்ட் பல்கலைக்கழகத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வெளியுலகுடன் தொடர்புகொள்ள 64 கிலோபிற் இணைப்பு ஒன்றே இருந்தது. அங்கு பணியாற்றிய ரோபி ஓட்டிகர் என்ற சுவிஸ் நாட்டவர், அந்த இணைப்பில் எவ்வளவு தரவு போகிறது என்பதை 5 நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து, நாள், வாரம், மாதம், ஆண்டு என வரைபடமாக இணையப் பக்கத்தில் காட்டும் மென்பொருளை எழுதினார். ‘எம்.ஆர்.ரி.ஜி.’ எனப்பட்ட அது 1995இல் வெளியாகி உலகம் முழுவதும் பரவியது. அதுவரை நிபுணர் மட்டும் கண்ட எண்களை எவரும் பார்க்கக்கூடிய கோடாக மாற்றியதே அதன் சிறப்பு. நேற்று இதே நேரத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய நிலை நோயா இயல்பா என்று சொல்ல முடியும்.

ஆனால் 5 நிமிடச் சராசரிக்குள் 10 வினாடி முடக்கம் ஒன்று மறைந்துபோகும். ஆயிரம் பேரின் சராசரிக்குள் ஒருவருடைய துன்பம் மறைந்துபோகும். 2007இல் அமேசான் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தமது ‘டைனமோ’ தரவுச் சேமிப்பு முறைமையைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாகச் சொன்னது. சராசரியைக் கொண்டு அவர்கள் திருப்தி அடையவில்லை. ஆயிரம் கோரிக்கைகளில் 999க்கு, உதாரணமாக 300 மில்லி வினாடிகளுக்குள், பதில் கிடைக்க வேண்டும் என்ற வகையில் அவர்கள் தமக்கு இலக்கு வகுத்தார்கள். பெரும்பாலானோருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் நல்ல சேவை கிடைக்க வேண்டுமானால் வரிசையின் கடைசியில் நிற்பவரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நுணுக்கமாக அளந்தால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. 2008 டிசெம்பர் இறுதியில், அப்போது சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தில் இருந்த பிரெண்டன் கிரெக், வன்தட்டு அடுக்குகளின் அருகே சென்று உரத்துக் கத்தினார். அடுத்த கணமே கண்காணிப்புத் திரையில் வட்டின் தாமதம் மேலெழும்பியது. குரலின் அதிர்வு வட்டைத் தடுமாறச் செய்திருந்தது.

அளக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கான சான்று வேடிக்கையானதல்ல. 2013 ஒக்ரோபர் 1ஆம் திகதி அமெரிக்க மத்திய அரசு மருத்துவக் காப்புறுதிக்கான இணையத்தளத்தைத் திறந்தது. காப்புறுதி இல்லாதோர் இலட்சக்கணக்கில் காத்திருந்தனர். முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவு செய்தோர் தொகை 6. ஆறாயிரம் அல்ல, ஆறு! கட்டணங்களைப் பார்ப்பதற்கு முன்னரே ஒவ்வொருவரும் கணக்குத் திறந்தாக வேண்டும் என்று விதித்திருந்ததால், அந்த ஒரு வாசலிலேயே எல்லோரும் நெரிபட்டனர். மீட்புக்கு அழைக்கப்பட்ட பொறியியலாளர்கள் வந்து பார்த்தபோது, முழுத் தளத்தின் நிலையையும் ஒரே பார்வையில் காட்டும் கண்காணிப்புப் பலகையே அங்கு இருக்கவில்லை. அவர்கள் முதலில் செய்தது அதனை அமைத்ததுதான். அடிக்கடி தேவைப்படும் தரவுகள் ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்திலிருந்தே எடுக்கப்படுவது தெரிந்தது. அதனைத் திருத்தியதும் பக்கம் திறக்கும் நேரம் 8 வினாடியிலிருந்து 2 வினாடியளவுக்கு இறங்கியது. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் தளம் மக்களின் பயன்பாட்டுக்கு உரியதாயிற்று. பணம் இல்லாததால் அது வீழவில்லை. எங்கே நோகிறது என்று கேட்க எவரும் நியமிக்கப்படாததால் வீழ்ந்தது.

அந்த இரவின் இடுக்கு

இனி எமது பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்புவோம்.

அந்த இளைஞர் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தார். எண்கள் வரிவரியாக இறங்கின. ஒவ்வொரு வளமாக மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார்: எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறது? அதன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? பிழை ஏதும் காட்டுகிறதா? பின்னாளில், 2012இல், பிரெண்டன் கிரெக் இதே மூன்று கேள்விகளை ஒரு முறையாக வகுத்து எழுதியதை வாசித்தபோது அந்த இளைஞரையே நினைத்துக்கொண்டேன். எமது வழங்கியின் மத்திய செயலி பெரும்பாலும் சும்மா இருந்தது. நினைவகத்தில் இடம் இருந்தது. வெளியிணைப்பும் நிறைந்திருக்கவில்லை. வன்தட்டின் வாசலில் மட்டும் நீண்ட வரிசை. அதிலும் எல்லோரும் ஒரே கோப்பில் எழுதுவதற்கே காத்து நின்றனர்.

அந்தக் கோப்பு எது தெரியுமா? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இதுவரை வாசித்தோர்’ என்று நாம் பெருமையுடன் காட்டிக்கொண்டிருந்த எண்ணிக்கை. எவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தரவுத்தளத்தின் அந்த ஓரிடத்தில் ஒன்று கூட்டப்பட வேண்டும். ஒருவர் கூட்டி முடிக்கும்வரை அடுத்தவர் நிற்க வேண்டும். வாசகர் குறைவாக இருந்த நாட்களில் இது தெரியவில்லை. வாசகர் பெருகிய இரவில், அவர்களை எண்ணிப் பெருமைப்படுவதற்காக நாம் வைத்த கணக்கே அவர்களை வாசலில் மறித்து நின்றது. இன்னொரு வழங்கியை வாங்கியிருந்தாலும் அதுவும் அதே கோப்பின் முன் வந்துதான் நின்றிருக்கும். எண்ணிக்கையை நினைவகத்தில் சேர்த்துவைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் வட்டில் எழுதும்படி அவர் மாற்றினார். ஒரு பிற்பகல் வேலை. ஒரு சதமும் செலவாகவில்லை.

பின்னர் அந்த இளைஞரும் புலம்பெயர்ந்து சென்றுவிட்டார். நான் ஓய்வுபெற்றும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்று வழங்கிகள் எமது அலுவலக மூலைகளில் இல்லை. உலகின் எங்கோ ஓரிடத்தில் வாடகைக்கு ஓடுகின்றன. விசையைத் தட்டினால் பத்துக் கணினிகள் வந்து சேரும். அதனாலேயே ‘எங்கே நோகிறது’ என்ற கேள்வியைக் கேட்காமலே காலம் தள்ளுவது முன்னரைவிட இலகுவாகிவிட்டது. செலவுச் சிட்டை வரும் வரையில் அது உறைப்பதுமில்லை.

ஏர்லாங் தாமே வீதிக்குச் சென்று குழிக்குள் இறங்கி அளந்தமைக்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். காத்திருப்பவர் எப்போதும் சேவை வழங்குபவரின் கண்ணுக்கு அப்பால்தான் நிற்கிறார். தொலைபேசியைக் காதில் வைத்தபடி கொப்பன்ஹேகனில் நின்றவரும், காப்புறுதிக்காகத் திரையைப் பார்த்திருந்த அமெரிக்கத் தொழிலாளியும், தாயின் கிரியை நேரத்தைத் தேடிய அந்தப் பெண்மணியும் அவ்வாறு நின்றவர்களே. அவர் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் எமது கணக்கில் அவர் ஒருவர் வந்ததே பதிவாகியிராது. பக்கம் திறக்காதவரை வாசகர் எண்ணிக்கையில் எவரும் சேர்ப்பதில்லை.

இப்போதும் எங்கேனும் ஓர் இணையத்தளத்தின் அடியில் வருகையாளர் எண்ணிக்கையைக் கண்டால், அதில் சேராமல் திரும்பிப் போனவர்களைப் பற்றியே என் மனம் எண்ணுகிறது.